போர்வை மூடிய பொம்மை

"யாரு அளவு இது?"

"கஸ்டமர் அளவு."

"கஸ்டமருக்குப் பேரு கிடையாதா?"

"கீது. உன்கிட்ட சொன்னா மேனாம்பேடு பூரா தெரிஞ்சிடும். நீ ஜாக்கெட்டுக்கு ஹூக்கைக் கட்டு, லூர்து."

ஜெயபால் சிரித்துக்கொண்டே அந்தத் தையல் பொம்மையின் மேல் போர்வையை இழுத்து மூடியது லூர்தம்மாளுக்கு மறக்கவேயில்லை. கடையில் மற்றப் பொம்மைகள் வெறுமனே நின்றன. இதற்கு மட்டும் போர்வை. பஞ்சும் ஸ்பாஞ்சும் வைத்துக் கட்டி ஒரு பெண்ணின் உடம்பாகவே ஆக்கியிருந்தார். இடது தோள் சற்று இறங்கியிருக்கும். இடது மார்பு தட்டையாகக் கிடந்ததை, வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

இப்போது அவர் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார்.

"அம்மா, அப்பாவோட டேப்பை எடுத்துகினு வா. சவப்பெட்டி வந்ததும் அவரு கூட வெச்சி அனுப்பணும்," என்றான் மகன் பிராங்க்.

வீட்டின் முன்னறைதான் கடை. டேப் அந்தப் பொம்மையின் கழுத்தில் தொங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதற்கு முன் கடைசியாக இதைத்தான் அளந்திருக்கிறார். வெடுக்கென்று உருவிக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தியின் தோளையும் அவள் கண் அளந்தது.

"இன்னா அண்ணி, வாசலையே பாத்துகினு கீறே?" என்றாள் நாத்தனார்.

மாலையோடு வந்த ஒருத்திக்கு இடது தோள் இறங்கியிருந்தது. முந்தானையை அகலமாகப் போர்த்தியிருந்தாள். பெட்டியருகே நின்று ஓசையில்லாமல் அழுதாள்.

லூர்தம்மாள் அவள் கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிப்போனாள். கதவைச் சாத்திவிட்டுப் போர்வையை இழுத்தாள்.

"இது நீதான?"

"ஆமாக்கா. என் பேரு ரெனிதா."

"உன் ஒடம்பு என் புருஷனுக்கு எப்டி இவ்ளோ தெரியும்?"

ரெனிதா பொம்மையின் தட்டையான பக்கத்தைத் தொட்டாள். பிறகு தன் முந்தானையைச் சற்று விலக்கினாள். ஜாக்கெட்டின் அந்தப் பக்கத்தில் ஜெயபால் வைத்துத் தைத்த ஸ்பாஞ்சு மட்டும்தான் இருந்தது.

"கேன்சர்க்கா. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. ஊட்ல நானே டேப்பைச் சுத்தி அளவு பாத்துச் சொன்னேன். அண்ணன் என்னைத் தொட்டதில்ல. பொம்மைக்குப் போட்டுப் பாத்துதான் தைப்பாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிகினேன்."

கூடத்தில் ஜெபம் தொடங்கியிருந்தது. லூர்தம்மாள் கீழே கிடந்த போர்வையை எடுத்து உதறி, பொம்மையின் தோளில் சுருக்கமில்லாமல் போர்த்தினாள்.

"என் கை எட்டாத முதுகுப் பக்கம் மட்டும் அளவு எப்பவும் தப்பாப் பூடும். ஊட்ல அக்கா கீறாங்க, அவங்களை அளவெடுக்கச் சொல்லிக் கேளும்மான்னு அண்ணன் சொல்லிகினே இருந்தாரு. எனக்குத்தான் வாய் வரல."

"அம்மா, பெட்டி வந்துட்ச்சி. டேப் எங்க?" பிராங்க் கதவைத் தட்டினான்.

லூர்தம்மாள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கைக்குள் இறுக்கியிருந்த டேப், வியர்வையில் நனைந்திருந்தது.

"இனிமே எனக்கு நீங்க அளவெடுப்பீங்களாக்கா?"