மஞ்சள் பூசிய இடம்

“ஏன்டி, உன் மேப்புல எங்க இடம் என்ன கலர்?” என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

தங்கைக்குப் பெருநகரத் திட்ட அலுவலகத்தில் வேலை. நகரம் நாலா பக்கமும் வீங்கிக்கொண்டே போக, எங்கே வீடு வரலாம், எங்கே ஆலை வரலாம், எங்கே எதுவுமே கூடாது என்று வரைபடத்தில் வண்ணம் பிரித்துக் காட்டுகிறவள். கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, “மஞ்சள்க்கா. வீடு கட்டலாம்” என்றாள்.

“ஊருக்கே கலர் அடிக்கிற. உன் ரூம் சுவரு பூஞ்சை பூத்துக் கெடக்கு, அதுக்கு ஒரு கலர் அடிக்க ஆளில்ல” என்று அக்கா சிரித்தாள். அடுத்த மாதமே கடைக்கால் தோண்டினாள்.

தங்கை ஒன்றைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நில அளவைக்காரர்கள் இன்னும் போகாத இடத்துக்கெல்லாம் தற்காலிகமாக மஞ்சள் பூசி வைப்பது அந்த அலுவலகத்து வழக்கம். வெள்ளையாக விட்டால், “இதென்ன ஓட்டை?” என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிப்போன விஷயம். வெளியே இருப்பவர்களுக்கு மஞ்சள் என்றால் மஞ்சள்தான்.

பிறகு அளவைக்காரர்கள் போனார்கள். மழைத்தண்ணீர் ஆற்றுக்கு இறங்குகிற பள்ளம் அது என்று தெரிந்தது. மஞ்சள் பச்சையானது. பச்சையில் வீடு நிற்கக் கூடாது. அக்கா வீட்டில் அப்போது ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்சேபம் கேட்கும் நாள் வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் தலைமை அதிகாரியும் தங்கையும். அந்தப் பக்கம் அக்காவும் அவள் கணவரும்.

“ஒரே ஒரு வீடு சார். உங்க மேப்புல கடுகளவு,” என்றார் மாமா. “பச்சை அடிச்ச கைக்கு மஞ்சள் அடிக்க எவ்வளவு நேரமாகும்?”

“அங்க வீடு கட்டலாம்னு உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டார் அதிகாரி.

மாமா வாயைத் திறந்தார். அக்கா அவர் முழங்கையைத் தொட்டாள். “யாரும் சொல்லல சார். நாங்களாத்தான் நெனச்சுக்கிட்டோம்.”

“நான்தான் சார் சொன்னேன். இவங்க என் அக்கா,” என்றாள் தங்கை.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். தங்கையின் பக்கம் திரும்பினார். “நம்ம ஆள் பேச்சைக் கேட்டுத்தான் கட்டியிருக்காங்க. அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுடலாமாம்மா? விடலாம்னு நீங்க சொன்னா கையெழுத்துப் போடறேன்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் வாசல் கூட்டத்தில் தங்கையின் முகத்தைத் தேடுவாளே, அதே பார்வை.

வீடு தன் இடத்தில் நின்றுவிடும். தண்ணீர் நிற்காது, சுற்றிக்கொண்டு பின்னாலிருக்கும் தாழ்ந்த தெருவுக்குள் போகும். அந்தத் தெருவின் கூரைகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் வரைந்தவள் தங்கை.

“முடியாது சார். அந்த வீடு இருந்தா, தண்ணி பின்தெருவுல ஏறிடும்.”

“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க,” என்றார் மாமா.

அக்கா மேசைமேல் வைத்திருந்த புது வீட்டுச் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டாள். எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளினாள். தங்கையின் பக்கம் திரும்பாமல் வெளியே போனாள்.