கடைசி விலை

பழைய மரச்சாமான் கடையில் ஒரு பொருளுக்கு மூன்று விலை உண்டு. அட்டையில் எழுதித் தொங்கவிடுவது ஒன்று. அரைமணி நேரம் பேசிய பிறகு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வது இன்னொன்று. மூன்றாவது, கடைசி விலை. அது கடைக்காரரின் நெஞ்சைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை. கல்யாணமான நாள்முதல் கடையில் கூடமாட நிற்கும் மனைவிக்குக்கூட அதை அவர் சொன்னதில்லை.

"உங்கப்பா வாயைத் திறக்கறதே கொட்டாவி விடத்தான்" என்பாள் அவள், மகளிடம்.

அதில் பொய் இல்லை. விலையைச் சொன்ன பிறகு யார் முதலில் பேசுகிறாரோ அவர்தான் இறங்கி வருவார் என்று தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. வாடிக்கையாளர் மேஜையைச் சுற்றி வருவார், குனிந்து காலைத் தட்டுவார், தொண்டையைச் செருமுவார். கடைக்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதலில் தொழிலுக்காகப் பழகிய மௌனம் நாளடைவில் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. அது தன் குணமா, தான் மாட்டிக்கொண்ட சட்டையா என்று அவருக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

மகளுக்கு நிலநடுக்கங்களைப் பற்றிப் படிக்க ஆசை. "வீட்ல தினம் ஒரு அதிர்ச்சி கொடுக்கறவளுக்கு ஏத்த படிப்புதான்" என்றாள் தாய். நல்ல கல்லூரியிலேயே இடமும் கிடைத்துவிட்டது. கட்டணம்தான் மூவருக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. குடும்பத்தின் நிலைமையைப் பார்த்துக் கல்லூரியே பாதிக் கட்டணத்தைக் குறைப்பதுண்டு என்று மகள் விசாரித்துவந்தாள். விண்ணப்பத்தில் கடைச் சரக்கின் மதிப்பைக் கேட்டிருந்தார்கள்.

கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலமாரி, கட்டில், நாற்காலி என்று ஒவ்வொன்றாகப் போய், தொங்கிய அட்டைகளில் இருந்த விலையை அப்படியே கூட்டி எழுதினார். கடைசி விலையைக் காகிதத்தில் எழுதுவதா? நடுத்தெருவில் சட்டையைக் கழற்றுவது போல இருந்தது அவருக்கு. கூட்டுத்தொகையைப் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உங்கள் குடும்பத்துக்கு உதவி தேவைப்படாது என்று கல்லூரியிலிருந்து பதில் வந்தது.

"நாம அவ்வளவு பணக்காரங்களா?" என்றாள் மனைவி. "எங்கிட்ட யாருமே சொல்லலையே! சொல்லியிருந்தா ரெண்டு நல்ல புடவையாவது எடுத்திருப்பேன்."

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, கணக்கு ரொம்ப சிம்பிள். பேங்க் லோன் கொஞ்சம், நான் லைப்ரரில வேலை பார்த்துக் கொஞ்சம், நீங்க மாசாமாசம் கொடுக்கறது கொஞ்சம். இதெல்லாம் சேர்ந்தாலும் பாதிக் கட்டணத்துக்குத்தான் வரும். மீதிப் பாதிய அவங்க குறைச்சாத்தான் உண்டு."

"குறைக்கலைன்னா?" என்றார் கடைக்காரர்.

"குறைக்கலைன்னா என்ன, பக்கத்துல இருக்கற காலேஜ்ல வேற ஏதாவது படிச்சுட்டுப் போறேன்."

துணி மடித்துக்கொண்டே அதைச் சொன்னாள். அந்தக் குரலில் வருத்தமே இல்லாததுதான் அவரை உறுத்தியது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க இவள் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றாள் மகள். "சனிக்கிழமை ஒரு மேடம் கடைக்கே வந்து பார்ப்பாங்க. எது எவ்வளவுக்குப் போகும்னு நீங்க உள்ளதைச் சொல்லணும்ப்பா. வாயைத் திறந்து."

சனிக்கிழமை காலையில் கல்லூரி அதிகாரி வந்தார். கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த, அவசரமே இல்லாத பெண்மணி. அவர் காலெடுத்து வைத்த அதே நேரம், போதாத காலம், பின்னாலேயே, ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஓட்டுநர் பள்ளிக்காரரும் நுழைந்தார். கண்ணாடி வைத்த தேக்கு அலமாரிக்காக வாராவாரம் வந்து விலை பேசிவிட்டுப் போகிற மனிதர்.

அதிகாரி நேராக அந்த அலமாரிமுன் போய் நின்றார். "இதுல நாப்பதாயிரம்னு போட்டிருக்கு. நிஜமா எவ்வளவுக்குக் கொடுப்பீங்க சார்?"

கடைக்காரர் தெருவைப் பார்த்தார். அதிகாரி காத்திருந்தார். ஓட்டுநர் பள்ளிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அதிகாரிக்கும் காத்திருந்து பழக்கம் இருக்கும்போல. அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. மனைவியின் முழங்கை கடைக்காரரின் விலாவைத் தேடிக்கொண்டிருந்தது. மகளைப் பார்த்தார். அவள் ஒரு நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு" என்றார்.

"என்னது, பதினஞ்சா?" ஓட்டுநர் பள்ளிக்காரர் துள்ளினார். "யோவ், போன வாரம் பதினெட்டுக்குக் கேட்டேனே! கட்டாது சார், கைய விட்டுப் போகும்னு கண்கலங்கினீரே!"

"எங்கிட்ட இருபதுக்குக் குறைஞ்சா நஷ்டம்னாரு" என்றாள் மனைவி. "வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்போ நான் எதை எழுதறது? பதினஞ்சா, பதினெட்டா?"

"பதினஞ்சே எழுதுங்க மேடம்!" என்று ஓட்டுநர் பள்ளிக்காரர் பாய்ந்தார். "வாயிலேருந்து வந்துடுச்சு, நானே சாட்சி. இந்த நிமிஷமே எடுத்துக்கறேன்." விஷயம் என்னவென்று மகள் இரண்டு வார்த்தையில் சொன்னதும் அவருக்கு உற்சாகம் தலைக்கேறியது. "பொண்ணு படிப்புக்கா? முதல்லயே சொல்லக்கூடாதா! இந்தக் கடையோட லட்சணம் என்னைவிட யாருக்குத் தெரியும்? வாங்க மேடம். இந்த நாற்காலி ஆடும். இந்தக் கட்டில்ல புரண்டு படுத்தா பக்கத்து வீடு முழிச்சுக்கும். இந்த டிராயர் திறக்காது, திறந்தா மூடாது."

தன் சரக்கை ஒருவர் இப்படி நாறடிப்பதைக் கேட்டுக் கடைக்காரர் நெகிழ்ந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. "அடியில கரையானும் இருக்குங்க" என்று அவரே எடுத்துக்கொடுத்தார். ஒன்றைச் சொன்ன பிறகு அடுத்தது எளிதாக வந்தது. நாற்காலி எழுநூறு. கட்டில் நாலாயிரம். இத்தனை காலம் சுமந்த எண்கள் ஒவ்வொன்றாக இறங்க, நெஞ்சில் இடம் விரிவது போலிருந்தது.

கடைசியாக மூலையில் கிடந்த எழுதுமேஜை. ஓட்டுநர் பள்ளிக்காரர் பார்த்த மாத்திரத்தில், "இதை விறகுக்குத்தான் போடணும். ரெண்டாயிரம்" என்றார்.

"ரெண்டாயிரம்னு சொல்லித் தொலைங்க" என்று மனைவி காதைக் கடித்தாள்.

கடைக்காரர் மேஜையின் மேல் கையை வைத்தார். ஒரே பலகை. இணைப்பே கிடையாது. இரண்டாயிரம் என்று சொன்னால் அதிகாரி எழுதிக்கொள்வார், யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்லாவிட்டால் மகளின் பாதிக் கட்டணம் இந்த ஒரு மேஜையிலேயே இடறி விழலாம். இந்த முறை அவருடைய மௌனத்தில் தந்திரம் எதுவும் இல்லை, வெறும் பயம்தான்.

"இது பன்னெண்டாயிரத்துக்குக் குறையாதுங்க மேடம்" என்றார். "யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்."

மனைவி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். மகள் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

அதிகாரி பன்னிரண்டு என்று எழுதி அடிக்கோடிட்டார். "நல்லதாப் போச்சு சார். எல்லாமே குப்பைன்னு சொல்லிட்டே வந்தீங்க, எதை நம்பறதுன்னு யோசிச்சுட்டிருந்தேன். இப்போ மத்ததையும் நம்பி எழுதலாம்." காகிதங்களை அடுக்கினார். "என் சிபாரிசு உங்க பொண்ணு பக்கம்தான். முடிவு குழுவோடது. போன்ல சொல்றேன்."

அலமாரி பதினைந்துக்கே போயிற்று. மகள் ஒரு முனையைத் தூக்க, ஓட்டுநர் பள்ளிக்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் படிம்மா. அடுத்த வருஷமும் மேடம் வந்தா எனக்கு ஒரு போன் போடு. எனக்கு ஒரு டைனிங் டேபிள் தேவைப்படுது" என்றார்.

அடுத்த வாரம் தொலைபேசி ஒலித்தபோது கடைக்காரர்தான் எடுத்தார். கேட்டுக்கொண்டே நின்றார். "சார்? லைன்ல இருக்கீங்களா?" என்று அந்தப் பக்கத்துக் குரல் இரண்டு தடவை கேட்டது. இருந்தார்; போனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். மகள் போனைப் பிடுங்கி, "ஆமா மேடம், ரொம்ப நன்றி மேடம், அவர் எப்பவுமே இப்படித்தான் மேடம்" என்று மூச்சுவிடாமல் பேசினாள்.

"என்னவாம்?" என்று சமையலறையிலிருந்து ஓடிவந்தாள் மனைவி.

"பாதி குறைச்சுட்டாங்க" என்றார் கடைக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மனைவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"உடனே சரின்னுட்டீங்களா? இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம்ல?"