மூன்றாம் கட்டத்தில் ஒரு பிழை

பதினான்கு அட்டைப்பெட்டிகளும் படியிறங்கி, வேனில் ஏறி, அந்த வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் கிட்டார் டீச்சருக்கு அந்தக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது.

"ஐயோ!" என்றார்.

கூடத்து மேசையில் அன்றைய செய்தித்தாளை விரித்து, அதிலிருந்த எழுத்துப்பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்கவில்லை. "என்ன விட்டுப்போச்சு?"

"ஒண்ணும் விட்டுப்போகல."

உண்மையும் அதுதான். ஒன்றுகூட விட்டுப்போகாமல் எல்லாமே போய்விட்டதுதான் சிக்கல்.

டீச்சர் நாற்பத்தாறு வருஷம் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர். கல்யாண மேடையில் நின்றுகொண்டு தட்டுகிற கிட்டார் இல்லை. நைலான் கம்பி பூட்டி, இடது காலைக் குட்டைப் பலகைமேல் வைத்து, முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வேலை கொடுத்து வாசிக்கிற செவ்வியல் கிட்டார். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் மாணவரைப் பற்றி டைரியில் இரண்டு வரி எழுதிவைப்பார். 'வீட்டில் தினமும் வாசித்தேன் என்றார். யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை.' 'பல் டாக்டர் வந்தார். வலதுகை நகத்தை வளர்க்கச் சொன்னேன். வளர்த்தால் நோயாளி கடிப்பார் என்கிறார். யோசிக்க வேண்டிய விஷயம்.' இப்படி நாற்பத்தாறு டைரிகள். இதைக் கேள்விப்பட்ட இசைக் கல்லூரி நூலகம், டைரி, கடிதம், பாடப்புத்தகம், துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் தன் காப்பகத்துக்குக் கேட்டது. டீச்சர் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கணவர் மூன்று தடவை படித்து, அதிலிருந்த இரண்டு பிழைகளைத் திருத்திக் கொடுத்தார்.

கணவருக்கு அது ரத்தத்திலேயே ஊறிய வழக்கம். செய்தித்தாள் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் மெய்ப்புத் திருத்தியவர். டீச்சரோடு அவருக்கு அறிமுகம் ஏற்பட்டதும் ஒரு திருத்தத்தில்தான்.

அப்போது டீச்சர் மாடியில், தன் தங்கையோடு குடியிருந்தார். கணவர் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். இரவெல்லாம் ஆபீஸில் விழித்திருந்துவிட்டுக் காலையில் வந்து படுப்பார். படுத்த அரைமணியில் மேலே பாடம் ஆரம்பித்துவிடும். ஒரு மாதம் பொறுத்தார். பிறகு புகார்க் கடிதம் எழுதத் தொடங்கினார். எல்லாம் எண் போட்டு, தேதி போட்டு, பத்தி பிரித்து எழுதியவை. தங்கைதான் பதில்களைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். 'உங்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவும்' என்பது முதல் பதில். 'பஞ்சு வைத்தாயிற்று. அதையும் மீறிக் கேட்கிறது என்பதே இக்கடிதத்தின் சாரம்' என்று ஆரம்பித்தது இரண்டாம் புகார்.

ஒன்பதாவது புகார்தான் வம்பை விலைக்கு வாங்கியது. 'தங்கள் மாணவர்கள் திங்கள் முதல் சனி வரை வாசிக்கும் அந்தச் சிறு பாடத்தில், தொடக்கத்திலேயே ஓரிடத்தில் ஒரு சத்தம் தவறாக விழுகிறது. எல்லா மாணவருக்கும் அதே இடத்தில் விழுவதால் தவறு மாணவர்களுடையதாக இருக்க முடியாது. எனக்கு இசை தெரியாது. ஆனால் பிழை தெரியும்.'

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேப்பரில் கமா தேடுகிறவன் என் பாடத்தில் குறை சொல்வதா? 'அச்சிட்டிருப்பதைத்தான் வாசிக்கிறோம். பாடம் சரி, தங்கள் காதுதான் சரியில்லை' என்று எழுதித் தங்கையிடம் கொடுத்தனுப்பினார். அனுப்பிவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். சுர வரியில் கோடு போட்டுப் பிரித்த மூன்றாம் கட்டத்தை ஒருமுறை வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். ஏழு வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பாடம், அன்றைக்குத்தான் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. வேலி மாதிரி இருக்கும் சின்ன ஷார்ப் குறி ஒன்று அங்கே அச்சில் விழாமல் போயிருந்தது. சுரம் அரைப்படி இறங்கி நின்றது.

டீச்சர் கமுக்கமாகப் பதிப்பகத்துக்கு எழுதினார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. பிழை உண்மைதான், அடுத்த பதிப்பில் திருத்துகிறோம், கண்டுபிடித்தவருக்கு நன்றி. ஆனால் கண்டுபிடித்தவரிடம் டீச்சர் மூச்சு விடவில்லை. அதற்குள் புகார்கள் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன. இருபத்தேழாவது புகாரில், 'இனிவரும் புகார்களை நேரிலேயே தெரிவிக்க நிரந்தர ஏற்பாடு ஒன்று செய்துகொள்ள விரும்புகிறேன். தங்கள் சம்மதம் தேவை' என்றிருந்தது. கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. எப்போதாவது அந்தப் பாடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாடம் சரியாத்தான் இருந்துச்சு" என்பார் டீச்சர். "சரி டீச்சர்" என்பார் கணவர்.

பதிப்பகத்தின் அந்தப் பதில் இப்போது பெட்டிக்குள் போய்விட்டது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. காப்பகத்தார் தயாரிக்கும் அட்டவணைக்குச் சம்பளம் வாங்காமல் மெய்ப்புத் திருத்தித் தருவதாகக் கணவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

டீச்சர் தங்கைக்குப் போன் போட்டார்.

"அக்கா, பேசாம அத்தான்கிட்ட சொல்லிடேன்," என்றாள் தங்கை. "முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின விஷயம்."

"அதனாலதான் சொல்ல முடியல. அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் சிரிச்சிருப்பார். இப்ப சொன்னா வட்டியும் முதலுமா சிரிப்பார்."

"நான்தானே மாடிப்படி ஏறி இறங்கினேன். உங்க ரெண்டு பேருக்கும் வெக்கமே இல்ல," என்று சொல்லித் தங்கை போனை வைத்துவிட்டாள்.

டீச்சர் நேரே காப்பகத்துக்குப் போனார். அங்கே பொறுப்பில் இருந்த காப்பாளர் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். பேச்சு பஞ்சு, பிடி இரும்பு. பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். பையை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நீள மேசையில் ஒன்பதாம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் தாளிலிருந்து கழற்றத் தொடங்கினார்.

டீச்சர் புரட்டுகிற மாதிரி புரட்டினார். கடிதம் கிடைத்தது. இருமினார். இருமும்போது கைக்குட்டையை எடுத்தார். கைக்குட்டை திரும்ப இடுப்புக்குப் போகும்போது கொஞ்சம் தடித்திருந்தது.

"அம்மா," என்றார் காப்பாளர், குண்டூசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கைக்குட்டைய மடிச்சு வைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கடிதத்தை எடுத்துடுங்க. மடிப்பு விழுந்தா காகிதத்தோட நார் ஒடஞ்சிடும்."

எழுபத்தொரு வயசில் திருட்டில் பிடிபடுவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. டீச்சர் கடிதத்தை மேசையில் வைத்தார்.

"என் கடிதம்தானேம்மா இது?"

"உங்களோடதா இருந்தது. இப்ப காப்பகத்தோடது. கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வேணும்னா ஐம்பது வருஷம் யாரும் பார்க்காதபடி மூடி வைக்கலாம். ஒப்பந்தத்துல அதுக்கு இடமிருக்கு."

டீச்சர் முகம் மலர்ந்தது. "அப்படியே செய்யுங்க!"

"ஆனா அட்டவணைல ஒரு வரி எழுதணும். 'பதிப்பகத்தின் பதில். மூன்றாம் கட்டத்தில் அச்சுப்பிழை இருப்பதை ஒப்புக்கொள்கிறது.'"

"அந்த ஒரு வரி போதுமே அவருக்கு!"

காப்பாளருக்கு விஷயம் அரைகுறையாகப் புரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார் போலிருக்கிறது. எழுந்து போய், பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தைத் தட்டில் ஏந்திவந்தார்.

"இதைப் பாருங்க, சந்தோஷப்படுவீங்க. அந்தப் பாடப் புத்தகத்தோட ரெண்டாம் பதிப்பு. முதல் பக்கம் எப்படியோ அட்டையோட ஒட்டிப்போயிருந்தது. ஈர ஒற்றுத்தாள் வச்சு, ரெண்டு நாள் பாடுபட்டுப் பிரிச்சேன். ஒரு எழுத்துகூட சேதமில்ல."

அந்தப் பக்கம் எப்படியோ ஒட்டிக்கொள்ளவில்லை. கல்யாணமான மூன்றாம் மாதம், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, நல்ல கெட்டிப் பசையாகப் பார்த்து டீச்சரே ஒட்டியது. பதிப்பகத்துக்கு எழுதியபோது அவர் ஒரு வரி சேர்த்திருந்தார்: பிழையைக் கண்டவர் இசை படிக்காதவர், அவர் பெயரைப் புத்தகத்தில் போட்டால் நியாயமாக இருக்கும். பதிப்பகத்தார் போட்டும்விட்டார்கள். நன்றிப் பக்கத்தின் கடைசி வரி. அதைக் காட்டினால் தோற்றதாகிவிடும் என்று அன்றைக்கு ஒட்டியவர், 'அப்புறம் சொல்லிக்கலாம்' என்று விட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. தினமும் ஆயிரக்கணக்கான வரிகளைத் திருத்திய மனுஷன். கட்டுரை எழுதியவன் பெயர் வரும், படம் எடுத்தவன் பெயர் வரும். திருத்தியவன் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. வந்த ஒரே இடத்தில் பசை தடவி வைத்தது யார்?

பத்து நாளில் அட்டவணையின் மெய்ப்பு தபாலில் வந்தது. அறுபத்திரண்டு பக்கம். கணவர் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருநாளைக்குப் பன்னிரண்டு பக்கம்தான் பார்ப்பார், அதற்குமேல் பார்த்தால் கண் ஏமாற்றும் என்பார். ஒன்பதாம் பெட்டி நாற்பதாம் பக்கத்தில் இருப்பதை டீச்சர் ஏற்கெனவே திருட்டுத்தனமாகப் பார்த்துவைத்திருந்தார். முதல் நாள் மனசைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் நாள் கணவர் கேட்காமலே அவருக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை முப்பத்தாறாம் பக்கம் முடிந்தது. நான்காம் நாள் காலை, கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, டீச்சர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க. அந்த மூணாம் கட்டம்."

"ம்."

"அச்சுப்பிழைதான். நீங்க சொன்னதுதான் சரி."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் புகார் எழுதின பன்னெண்டாவது நாள் சுரம் சரியாயிடுச்சு. கீழ படுத்துக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்ப ஏன் அன்னைக்கே கேக்கல?"

"கேட்டா நீ வீம்புக்கு மறுபடியும் தப்பாவே வாசிக்க ஆரம்பிச்சிடுவியோன்னு பயம். என் தூக்கம் என்ன ஆகிறது?"

"முப்பத்தெட்டு வருஷமா என்னை ஜெயிச்ச மாதிரி நடமாட விட்டிருக்கீங்க!"

"நல்லாத்தான் நடமாடின. பார்க்க நல்லா இருந்துச்சு."

கோபப்படுவதா சிரிப்பதா என்று டீச்சர் தடுமாறினார். ஆனால் சொல்லவேண்டியதில் பாதிதான் ஆகியிருந்தது. மீதிப் பாதிக்குக் குரல் கொஞ்சம் உள்ளே போனது.

"அதில்லங்க. அந்தப் புத்தகத்துல உங்க பேர் வந்திருக்கு. ரெண்டாம் பதிப்புல. நான்தான் போடச்சொன்னேன். அப்புறம் நானே பக்கத்தை ஒட்டிட்டேன்."

கணவர் பென்சிலைக் கீழே வைத்தார். இது அவருக்குத் தெரியாது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அச்சுலயா?"

"அச்சுல."

"எத்தனை காப்பி அடிச்சிருப்பாங்க?"

"எனக்கென்ன தெரியும். ரெண்டாயிரம், மூவாயிரம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, "சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொன்னா நீங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு..."

"ஆமா. அதுக்குத்தான் சொல்லியிருக்கலாம்ங்கறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே டீச்சரால் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் அவருடைய இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். "கிளம்புங்க. போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

காப்பாளர் அம்மா புத்தகத்தை, பழைய புத்தகங்களுக்கென்று இருந்த குட்டி மெத்தைமேல் வைத்துத் திறந்து காட்டினார். கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். நன்றிப் பக்கத்தை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். நேரே கடைசி வரிக்குத் தாவுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்ப மாட்டினார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். நெற்றி சுருங்கியது.

"என் பேர்ல ரெண்டு எழுத்து இடம் மாறியிருக்கு," என்றார்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். ஆமாம். மாறித்தான் இருந்தது. யாரோ ஒரு கப்பல் கேப்டனின் பெயர் மாதிரி இருந்தது. ஒட்டுவதற்கு முன்னால் எத்தனையோ தடவை படித்தவர் கண்ணில் அது படவேயில்லை.

கணவர் காப்பாளரிடம் கையை நீட்டினார். "ஒரு பென்சில் கொடுங்கம்மா."

"எழுதக்கூடாது சார்."

"எழுதப் போறதில்ல. திருத்தப் போறேன்."

"திருத்தக்கூடாது சார். தப்பா இருந்தா தப்பாவேதான் இருக்கணும். அதுதான் ஆவணம்."

"தப்பும்மா இது! ரெண்டு எழுத்து! ஓரத்துல சின்னதா ஒரு குறி..."

"சார், பெட்டியை மூடிடுவேன்."

டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. அந்த அமைதியான அறையில், நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கணவரும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் சிரித்தார். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. அட்டவணையில் 'பெயர் பிழையாக அச்சாகியுள்ளது. சரியான வடிவம் இது' என்று ஒரு குறிப்புச் சேர்ப்பதற்குக் காப்பாளர் சம்மதித்தார். குறிப்பைக் கணவரே எழுதிக் கொடுத்தார். மூன்று படி எழுதினார்.

அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றும் கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம் தெருவில் நடந்த நடை இருக்கிறதே! பழக்கடைக்காரர் பார்த்தார், மருந்துக்கடைக்காரர் பார்த்தார், முடிவெட்டுகிறவர் சீப்பும் கையுமாக நின்று படித்தார். சனிக்கிழமை டீச்சர் காய் வாங்கப் போனபோது பழக்கடைக்காரர் கேட்டார்:

"அம்மா, சார் உங்க புத்தகத்துல ஏழு தப்பு கண்டுபிடிச்சாராமே?"

"ஒண்ணு," என்றார் டீச்சர். "ஒண்ணே ஒண்ணு. எலுமிச்சம்பழம் நாலு போடுங்க."