உரசாத கை

மூன்றரை மணி டவுன் பஸ்ஸைப் பிடித்தால்தான் முனியராஜுக்குச் சாத்தூரில் ரயில் கிடைக்கும். அதற்குள் அவன் அக்கா வேல்விழி ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். கையில் வைத்து விளையாடுகிற பழைய கேம் பாய் பெட்டியை அவனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அவன் கொண்டுவந்திருக்கிற புதுப் பெட்டியை வைத்துக்கொள்வதா, இல்லை பழசே போதுமா? கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் காலையிலிருந்து அவள் நாலு தடவை அடுப்படிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நாலு தடவை திரும்பி வந்திருந்தாள்.

முனியராஜ் சென்னையில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். போன மார்கழியில் பட்டாசு கம்பெனியில் அக்காவின் இடது கை வெந்துபோனது. விரலை மடக்கி நீட்டாவிட்டால் தோல் இழுத்துக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தனுப்பினார்கள். இரண்டே நாளில் வெறுத்துப்போய் அவள் வீசிய வீச்சில் பந்து பக்கத்து வீட்டு ஓட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகுதான் தம்பி, கடைக்கு வந்த பழசுகளில் ஒரு கேம் பாயைத் தேடி எடுத்து வந்தான். மேலிருந்து விழும் கட்டைகளைச் சந்து விடாமல் அடுக்க வேண்டும். இடது கட்டைவிரல் நகர்த்தும், ஆள்காட்டி விரல் மேல் பொத்தானை அமுக்கும். சரவெடி பின்னிய கைக்கு இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வீட்டில் யாரும் இல்லாத மதியங்களில் மட்டும் விளையாடுவாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பெட்டி தலையணைக்கு அடியில் போய்விடும். கல்யாணமான பொம்பளை விளையாட்டுச் சாமான் வைத்திருக்கிறாள் என்று ஏழாயிரம்பண்ணை முழுக்கப் பேச்சாகிவிடுமே என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தாள்.

"பழசுல வெளிச்சம் கிடையாதுக்கா. வாசப்பக்கம் திருப்பிப் பிடிச்சாத்தான் தெரியும். இதைப் பாரு, ரெண்டு திரை, ரெண்டுலயும் வெளிச்சம். செல் மாத்த வேண்டியதில்லை, சார்ஜ் போட்டாப் போதும். உன் கட்டை விளையாட்டும் இதுல ஓடும்" என்றான் முனியராஜ். கடையில் பேசிப் பேசிப் பழகிய வாய்.

"அதான் அம்புட்டுச் சொல்றானே, வாங்கிக்கயேன்" என்றான் அவள் கணவன் ஊர்க்காவலன். அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற அறையில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறவன். தீபாவளிக்கு மூடிய கம்பெனியை மறுநாள் பூஜை போட்டுத் திறக்கிறார்கள். அந்த நினைப்பிலேயே கேட்டான். "போர்மேன் உன்னையும் கேட்டாரு. விரலு இப்ப எப்பிடி இருக்கு?"

"இன்னும் முழுசா வரலை" என்றாள் வேல்விழி. சொல்லிவிட்டு எழுந்து, ஏற்கெனவே மடித்த துணியை மறுபடி மடித்தாள்.

முனியராஜ் புதுப் பெட்டியைத் திறந்து அவள் மடியில் வைத்தான். சின்னக் குச்சி ஒன்றையும் கையில் கொடுத்தான்.

"இது இரும்பா?"

"பிளாஸ்டிக்குக்கா. இரும்பா இருந்தா என்ன, பொறி பறந்து பத்திக்க இது என்ன மருந்து ரூமா?"

கீழ்த்திரையில் ஒரு மீன். குச்சியால் கோடு போட்டால் அந்தக் கோட்டின் வழியாக நீந்திப் போகும். வேல்விழி மீன் மேல் குச்சியை வைத்தாள், எடுத்தாள். தள்ளி வைத்தாள், எடுத்தாள். திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. மீன் நின்ற இடத்திலேயே நின்றது.

"வச்சு வச்சு எடுக்காத. எடுக்காம அப்பிடியே இழு. நல்லா உரசுக்கா, உரசு!"

குச்சி அந்தரத்தில் நின்றுவிட்டது. கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கு முதலில் காதில் போட்ட வார்த்தை அதுதான். எதையும் இழுக்காதே, உரசாதே, உரசினால் மருந்து பற்றிக்கொள்ளும். தட்டைத் தூக்கி வை, பெட்டியைத் தூக்கி வை. பன்னிரண்டு வருஷம் அவள் கை அப்படித்தான் பழகியிருந்தது. போன மார்கழியில் கூட வேலை பார்த்த பத்திரகாளி, வீட்டுக்குப் போகிற வேன் வந்துவிட்டது என்ற அவசரத்தில், மருந்துத் தட்டைத் தரையோடு ஒரே ஒரு முழம் இழுத்தாள். வேல்விழி கை வெந்ததோடு தப்பித்தாள். பத்திரகாளி தப்பிக்கவில்லை.

வேல்விழி இன்னொரு தடவை குச்சியை வைத்து இழுக்கப் பார்த்தாள். நூலளவுகூட நகரவில்லை. குச்சி நழுவி விழுந்தது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. விளையாட்டுப் பெட்டிக்கா இந்தப் பயம்?

முனியராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. "விடுக்கா, தெரியாமச் சொல்லிட்டேன். புதுசு உனக்குத் தோதுப்படாது. பழசே இருக்கட்டும். விரலுக்கும் அதான் நல்லது."

"ஆமா, விரல் சரியாகுற மட்டும் அதையே வச்சுக்க" என்றான் ஊர்க்காவலன். "நான் போர்மேன்கிட்ட இன்னும் ரெண்டு மாசம் சொல்லிக்கிடுதேன்."

ஆக, இரண்டு பேருமே அவளுக்கு வழியை விட்டுவிட்டார்கள். சரி என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது. ஒரு கணம் நெஞ்சு லேசாகக்கூட ஆனது. அடுத்த கணமே அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவில்லை. தலையணைக்கடியில் கையை விட்டுப் பழைய பெட்டியை எடுத்தாள். வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

முதல் தடவையாக அவர்கள் பார்க்க விளையாடினாள். கட்டைகள் விழ விழ இடது கட்டைவிரல் இப்படியும் அப்படியும் பறந்தது. ஆள்காட்டி விரல் படபடவென்று அமுக்கியது. கட்டைகள் விழும் வேகம் கூடக் கூட விரலும் கூடியது. முனியராஜ் வாயைத் திறந்தபடி பார்த்தான். கடையில் விளையாடுகிற எவனுக்கும் அந்த வேகம் கிடையாது.

நடு ஆட்டத்தில் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"இதை நீயே கொண்டுபோலே. புதுசை வச்சிட்டுப் போ, இழுத்துப் பழகுதேன். இது இருந்தா நான் பொய் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்." பிறகு கணவனைப் பார்த்தாள். "விரலு ஆனி மாசமே வந்திருச்சு. நாந்தான் இன்னும் வரலை."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றான் ஊர்க்காவலன்.

"எப்பிடிச் சொல்ல? நாளைக்குக் காலையில நீங்க மருந்து கலக்கப் போகணும். உங்களைப் பாத்து, எனக்கு அங்கன வரப் பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்ல?"

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. முனியராஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. ஊர்க்காவலன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"எனக்குப் பயமில்லைன்னு உனக்கு யாரு சொன்னது?"