முப்பதாயிரம் கேலன்

என் கணவன் வெண்டல், ஓய்வு பெற்ற பிறகு எங்கள் நீச்சல் குளத்தில் குளித்ததைவிட அதைக் கணக்குப் போட்டதுதான் அதிகம். மேசா நகரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்குப் பின்னாலும் குளம் உண்டு. ஒரே கட்டுமானக்காரர், ஒரே வரைபடம். ஆனாலும் வெண்டலின் குளம்தான் பெரியது. சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு டுவேன் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது, "என்னோடது முப்பதாயிரம் கேலன்" என்று வெண்டல் சொல்லிவிட்டான்.

டுவேன் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. "என்னோடது பதினஞ்சாயிரம்தான். பில்டர் பேப்பர்லயே இருக்கு."

"உன்னோடதுல ஆழம் கம்மி."

அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. முப்பதாயிரம் மட்டும் தங்கிவிட்டது.

குளோரின் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சொல்லும் செயலியை இந்த வருடம் கைப்பேசியில் இறக்கியபோதும், கொள்ளளவுக் கட்டத்தில் முப்பதாயிரம் என்றே போட்டான். டுவேனிடம் ஒன்றும் இயந்திரத்திடம் வேறொன்றும் பேசுகிற மனிதன் அல்ல அவன்.

ஜூலை நான்காம் தேதி சுதந்திர தினத்துக்கு மகன் குடும்பத்தோடு வருவதாக இருந்தான். போன வருடம் எங்கள் தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்ததால் பேத்திகள் இருவரும் நாள் முழுக்க டுவேன் வீட்டில் நீந்தினார்கள். வெண்டல் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த வருடம் அவர்கள் இங்கே குதிக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பாசியைக் கொல்ல, செயலி சொன்னபடி முதல் நாளே குடம் குடமாக ஊற்றினான். மறுநாள் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துப் பொடியைப் போட்டான். குளோரின் இருந்தால் தண்ணீர் ரோஜா நிறமாக வேண்டும். பளிச்சென்று நிறம் வந்தது. உடனே மறைந்தது.

"சீரோ," என்றான்.

"கலர் வந்துச்சே, வெண்டல்?"

"வந்துட்டுப் போயிடுச்சு. கடைசியா என்ன கலர்னுதான் ஆப் கேக்குது. வந்துட்டுப் போனதுக்கெல்லாம் கட்டம் கிடையாது."

செயலி இன்னும் ஊற்றச் சொன்னது. ஊற்றினான். தினமும் இதே கதைதான்.

"கண்ணு எரியுதே?" என்றேன்.

"வெயிலு."

"உன் டவுசரைப் பாரு. வாங்கும்போது தேசியக் கொடி. இப்ப சரணடையறவன் தூக்கிக் காட்டுற கொடி."

தண்ணீர் என்னவோ கண்ணாடியாக இருந்தது.

நான்காம் தேதி காலை பேத்திகள் நீச்சலுடையோடு குளத்தின் விளிம்புக்கு ஓடினார்கள். சின்னவள் டெஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, லாண்டிரி ரூம் மாதிரி நாறுது!"

"இருடா கண்ணு. ஒரே ஒரு டெஸ்ட்."

பொடி போட்டான். நிறம் வந்தது, போனது. "சீரோ" என்று குளோரின் குடத்தை எடுக்கக் குனிந்தான். நான் அந்தக் குழாயை வாங்கி இன்னொரு கரண்டி பொடியைப் போட்டேன், பிறகு இன்னொன்று. தண்ணீர் பீட்ரூட் சாறாகி அப்படியே நின்றது. இவ்வளவு நாளும் குளோரின் இல்லாமல் இல்லை. மிதமிஞ்சிப் போய், வந்த நிறத்தையே வெளுத்துத் தின்றிருக்கிறது.

அடுத்து, நிறம் போகும்வரை இன்னொரு குப்பி மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு எண்ண வேண்டும்; எத்தனை சொட்டோ அந்த அளவுக்குக் குளோரின். குப்பி காலியானது, நிறம் போகவில்லை. அதுவரை எண்ணிய எண்ணிக்கையைப் போட்டதும் செயலி சிவந்தது: யாரும் இறங்க வேண்டாம், வெயில் குறைக்கும்வரை சில நாள் காத்திருக்கவும். அதற்குக் கீழே, சிறிய எழுத்தில்: குளத்தின் கொள்ளளவைச் சரிபார்க்கவும்.

எங்கள் குளத்து மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொய் தண்ணீரில் இவ்வளவு நன்றாகக் கரையும் என்று நான் நினைத்ததில்லை.

சுவருக்கு மேலே டுவேனின் தொப்பி தெரிந்தது. "என்னப்பா, ஹேப்பி ஃபோர்த்! பசங்களை இங்க அனுப்பேன். நம்ம குட்டையில இடம் இருக்கு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் பேத்திகள் வாசலைத் தாண்டியிருந்தார்கள். வெண்டல் வெகுநேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு அவனும் போனான். நான் பின்னால் போனேன்.

டுவேன் வீட்டுக் குளத்தின் ஆழமான பக்கத்தில் வெண்டல் இறங்கி நின்றான். தண்ணீர் தாடை வரை வந்தது. எங்கள் குளத்திலும் அவனுக்குத் தாடை வரைதான்.

"என்னய்யா, ஆழம் பத்துதா?" என்றான் டுவேன்.

வெண்டல் யோசித்தான். "பரவாயில்ல," என்றான். டெஸ் அவன் தோளில் ஏறிக் குதித்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செயலியில் முப்பதாயிரத்தை அழித்தான். பதினாறாயிரம் என்று போட்டான். அந்த ஓராயிரத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.