எந்தப் பக்கம் நின்று எண்ணுவது

ஆட்டைச் சரியாகப் பார்க்காமல் ஆட்டைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மேற்குக் கான்சாஸில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்நடை மதிப்பிடும் போட்டி எங்கே நடந்தாலும் செம்மறிக்குக் காரணம் கேட்க என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பது அதனால்தான். பிள்ளைகள் எனக்கு ‘ஐஸ்பெட்டி’ என்று பெயர் வைத்திருப்பது தெரியும். அதைவிட மோசமான பெயரெல்லாம் என்னிடம் படித்தவர்கள் வைத்திருக்கிறார்கள்.

போட்டி இப்படித்தான் நடக்கும். காலையில் நான்கு நான்கு உருப்படிகளாக நிறுத்துவோம். பிள்ளைகள் சுற்றிச்சுற்றிப் பார்த்து, எது முதல், எது கடைசி என்று சீட்டில் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த சீட்டைத் திருத்த முடியாது. மதியம் ஒவ்வொருவராக வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, ஏன் அப்படி வரிசைப்படுத்தினேன் என்று இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். குறிப்பு எதுவும் கையில் இருக்கக் கூடாது. அந்த நாலு ஆடும் கண்ணுக்குள் நின்றால்தான் வாய் பேசும்.

இதில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. நாம் கீழே வைத்த ஆட்டிடம் நல்லது ஏதாவது இருந்தால், ‘ஒத்துக்கிறேன்’ என்று ஆரம்பித்து அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேலே வைத்ததில் குறை இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. நான் இரண்டு முறை கல்யாணம் செய்தவள். அந்த இருவரில் ஒருவருக்காவது இந்தப் பழக்கம் இருந்திருந்தால் நான் இன்றைக்குத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டேன். எனக்கும் வீட்டில் அது வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஏப்ரல் சனிக்கிழமை கண்காட்சித் திடலில் நல்ல காற்று. தகரக் கூரை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு வரிசையில், ஒரு கையில் கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் கிண்ணமும் மறு கையில் சினமன் ரோலுமாக நான் நின்றபோது ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருந்தாள். பூட்ஸில் மட்டும் ஆட்டுப்புழுக்கை.

“மேடம், நான் டெலானி க்ரோக்கர். உங்க காலேஜ் டீம்ல ஒரு இடம் பாக்கி இருக்குன்னு சொன்னாங்க.”

“இருக்கு.”

“அதுக்கு நானும் ஆசைப்படுறேன். சொல்லாம மனசுக்குள்ளயே வெச்சிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும், அதான் வந்து சொல்றேன்.”

எங்கள் இரண்டாண்டுக் கல்லூரியின் மதிப்பீட்டு அணிக்கு நான்தான் பயிற்சியாளர். அணியில் இடம் கிடைத்தால் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்த ஒரே இடத்துக்காக அன்று நான்கு பேர் என் கண்ணில் படும்படி நடமாடிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து கேட்டவள் இவள் ஒருத்திதான்.

“கிடைக்கலன்னா?” என்றேன்.

“மளிகைக்கடை பில் கவுண்டர், மேடம். அம்மா அங்கதான் வேலை பாக்குறாங்க. எனக்கும் சேத்துச் சொல்லி வெச்சாச்சு. ஏப்ரன்கூடத் தெச்சாச்சு.”

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தன் கையிலிருந்த சினமன் ரோலைச் சாப்பிடாமல் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பாடு முடிந்து நான் காரணம் கேட்கும் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். என் பங்குக்கு வந்தவை சஃபோக் இனத்துப் பெட்டைக்குட்டிகள். முகமும் காலும் கறுத்த நான்கு குட்டிகள். என்னோடு சேர்ந்து வரிசை முடிவுசெய்தவர் ராய்ஸ் லிண்ட்குவிஸ்ட், பன்றிக்காரர். எங்கள் முடிவு ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு. இதில் சண்டைக்கே இடமில்லை. ஒன்றாம் குட்டி நீளமானது, பலகை போட்ட மாதிரி முதுகு. நான்காவது நெஞ்சு ஒடுங்கியது, நடந்தால் பின்னங்கால் முட்டி இரண்டும் உரசும். குருடன் தடவிப் பார்த்தாலும் அதைக் கடைசியில்தான் வைப்பான்.

பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். எல்லோரும் ஏறக்குறைய அதே வரிசை. என் அணி இடத்துக்கு ஆசைப்பட்ட நால்வரில் ஒருவன், ட்ரேஸ் விட்மோர் என்ற பையன், வந்தான். தேவாலயத்தில் பாடுகிற குரல். நின்ற நிலையிலேயே படம் எடுத்து மாட்டலாம். வரிசையும் சரி. ஆனால் அவன் சொன்ன வார்த்தைகளை எந்த ஊரில் எந்த ஆட்டுக்கும் சொல்லலாம். மனப்பாடம். எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது.

“ஒரு குட்டிக்குக் காது கிழிஞ்சிருந்துச்சே, அது எது?” என்று கேட்டேன்.

“மூணு, மேடம்.” கண்ணிமைக்கவில்லை.

“நிச்சயமா?”

“நிச்சயமா மேடம்.”

காது கிழிந்தது இரண்டாம் குட்டிக்கு. அதற்காகக் கொஞ்சம் குறைத்தேன். குறைத்த பிறகும் அவனுக்கு நல்ல மார்க்தான். சொன்னதில் பெரும்பாலும் தப்பில்லை, என்ன செய்வது.

அவனுக்கு அடுத்து வந்தவள் டெலானி. கதவைச் சாத்தினாள், கையைப் பின்னால் கட்டினாள், மூச்சு எடுத்தாள்.

“சஃபோக் பெட்டைக்குட்டிகள நான் நாலு, ரெண்டு, மூணு, ஒண்ணுன்னு வரிசைப்படுத்தறேன், மேடம்.”

என் பேனா நின்றுவிட்டது. அப்படியே தலைகீழ். இருப்பதிலேயே மோசமான குட்டி முதலில், நல்லது கடைசியில். பூட்ஸில் புழுக்கையோடு அலைகிற பெண், இப்படியா பார்க்கும் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. சரி, எப்படித்தான் சமாளிக்கிறாள் பார்ப்போம் என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவள் சமாளிக்கவே இல்லை. “நாலாம் குட்டி நிக்கிறப்ப கழுத்துலேர்ந்து வால் வரைக்கும் ஒரே மட்டம். நடக்கிறப்பயும் முதுகு குழியல. காலெலும்பு கனமா இருக்கு” என்றாள். கேட்கக் கேட்க எனக்கு அந்தக் குட்டி கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் வந்து நின்றது நான்கு இல்லை, ஒன்று. “ஒண்ணாம் குட்டிய நெஞ்சு ஒடுங்கியிருக்கறதால கடைசில வெக்கிறேன். பின்னாலேர்ந்து பாத்தா முட்டி ரெண்டும் உரசுது. ஒத்துக்கிறேன், முகம் அதுக்குத்தான் ரொம்ப அழகு” என்றாள். அது நான்கு. முகம் அழகு என்பதும் உண்மைதான். நானும் ராய்ஸும் காலையில் அதைப் பேசிச் சிரித்திருந்தோம்.

இத்தனை வருடத்தில் நான் மனப்பாடம் கேட்டிருக்கிறேன், பொய் கேட்டிருக்கிறேன், அழுகையும் கேட்டிருக்கிறேன். எல்லாம் சரியாகவும் எல்லாம் தப்பாகவும் ஒரே நேரத்தில் ஒருத்தி பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்காவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

அவள் முடித்தாள். நேரமும் முடிந்தது. கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு. திருத்த உரிமை கிடையாது.

“காது கிழிஞ்சது எது?”

“மூணு மேடம். எடது காது. நாய் கடிச்ச மாதிரி இருந்துச்சு.”

இடது காது சரி. நாய் கடித்ததும் சரி, ஆட்டுக்காரரே சொன்னார். ஆனால் குட்டி இரண்டு.

“தோள்ல கறுப்பு ரோமம் கலந்திருந்தது?”

“ஒண்ணு. கொஞ்சூண்டுதான், விரலால வெலக்கிப் பாத்தாத்தான் தெரியும்.”

அது நான்கு. இரண்டுக்கு மூன்று, நான்குக்கு ஒன்று. எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

பன்றிகளுக்கு முதுகில் எண் எழுதுவோம். செம்மறிக்கு எழுதுவதில்லை. குட்டிகளுக்குப் பின்னால் நின்று, இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இது எங்கள் பிள்ளைகளுக்குச் சோற்றுக்கை எது என்பது போலத் தெரிந்த விஷயம். முன்னால் நின்று எண்ணினால் எல்லாம் மாறிவிடும். ஆனால் முன்னால் போய் நிற்பது யார்? கண்காட்சி வளையத்தில் வருடக்கணக்காக ஆட்டைப் பிடித்து நிறுத்திப் பழகியவர்கள் நிற்பார்கள். பிடிக்கிறவருக்கு இடம் ஆட்டின் தலைப்பக்கம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் நான் கேட்ட கேள்விகளே அவளுக்குள் ஏதோ செய்துவிட்டன. அவள் புருவம் சுருங்கியது. கட்டிய கை அவிழ்ந்தது. என் முன்னாலேயே சட்டென்று திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, காற்றில் விரல் நீட்டி இடமிருந்து வலமாக எண்ணினாள். கூரை தடதடத்தது. திரும்பியபோது காது இரண்டும் சிவந்திருந்தது.

“மேடம், எங்க குரூப்ப முன்பக்க வாசல் வழியா விட்டாங்க. நான் பாட்டுக்குத் தலைப்பக்கம் நின்னு எண்ணிட்டேன்.”

நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னும் கொஞ்சம் பேசலாமா?”

“நேரம் முடிஞ்சுது.”

“மார்க்குக்காக இல்ல, மேடம்.”

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் மறுபடியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதே காரணம் சொல்கிற குரல்.

“இந்த வரிசையில நான் என்னையே கடைசில வெக்கிறேன். ஒத்துக்கிறேன், இந்தப் புள்ள ஆட்ட நல்லாத்தான் பாத்தா. கை வெச்சும் பாத்தா. ஆனா எங்க நிக்கிறோம்னு பாக்கல. எட்டாங்கிளாஸ் பசங்க பண்ணாத தப்பு. அவ டீமும் இவள நம்பித்தான் வந்துச்சு. அந்தக் காரணத்தால...” குரல் உடைந்தது. விழுங்கிக்கொண்டு முடித்தாள். “அந்தக் காரணத்தால இவ கடைசி. தேங்க்யூ மேடம்.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

இரண்டு நிமிடத்துக்குள் சொன்னதற்குத்தான் மார்க். அந்த இரண்டு நிமிடத்தில் அவள் சொன்ன எண் ஒவ்வொன்றும் தப்பு. ஐம்பதுக்கு இருபத்தொன்று போட்டேன். போடும்போது மனசு கசந்தது, ஆனாலும் போட்டேன். அன்று நான் போட்டதிலேயே குறைந்த மார்க் அதுதான்.

ராய்ஸ் எட்டிப் பார்த்தார். “இருபத்தொண்ணா? என்ன லோர்னா, அந்தப் புள்ள ஆட்டுக்குப் பதிலா கோழியப் பாத்துச்சா?”

“உன் வேலையப் பாரு.”

“சரிதான். ஐஸ்பெட்டி கதவு சாத்தியாச்சு.”

சாயங்காலம் கோப்பை ட்ரேஸ் விட்மோருக்குப் போனது. டெலானியின் பள்ளி மாநிலப் போட்டிக்குத் தேறவில்லை. அவள் அணிப் பையன் ஒருவன், “க்ரோக்கர், உனக்கு ஆட்டோட மூஞ்சி எது, வாலு எதுன்னு யாராவது எழுதி ஒட்டணும்” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னான். “ஒட்டு, ஒன் நெத்திலயும் ஒண்ணு ஒட்டிக்க” என்றாள். தன் குழுவை எந்த வாசல் வழியாக விட்டார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பி அனுதாபப்பட்டிருப்பார்கள்.

நான் அவளைத் தேடினேன். கொட்டகைக்குப் பின்னால், ஆடு ஏற்றும் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆட்டுக்காரர் அந்த நான்கு சஃபோக் குட்டிகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் அவற்றுக்குப் பின்னால் நின்று உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

“இருபத்தொண்ணு போட்டேன்” என்றேன். “மாத்தப்போறதில்ல.”

“தெரியும் மேடம். நானா இருந்தாலும் அதத்தான் போட்டிருப்பேன்.”

“அந்த இடத்துக்கு நாலு பேர் இருந்தீங்க. நான் வரிசை போட்டுட்டேன். காரணம் கேக்குறியா?”

அவள் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நேராக நின்றாள். வழக்கம்போல் கையும் பின்னால் போய்விட்டது. பேச வேண்டியவள் நான் என்பதால் நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இத்தனை வருடம் உட்கார்ந்தே கேட்டவள், அன்று நின்று சொன்னேன்.

“டெலானி க்ரோக்கர முதல்ல வெக்கிறேன். ஒத்துக்கிறேன், விட்மோருக்குக் குரலும் நிக்கிற அழகும் இவளவிட மேல. இன்னிக்கு மார்க்கும் அவனுக்குத்தான் அதிகம். டெலானி எந்தப் பக்கம் நிக்கணும்னு கத்துக்கணும், அது அவகிட்ட இருக்கிற பெரிய குறை. ஆனா அது ஒரு மத்தியானத்துல கத்துக்கொடுத்துடலாம். பாக்காத காதப் பாத்தேன்னு சொல்றவனுக்கு நான் என்ன கத்துக்கொடுக்கறது? தன் தப்பத் தானே கண்டுபிடிச்சு, கேக்காமலே சொன்னது இந்த நாலுல இவ ஒருத்திதான். அந்தக் காரணத்தால இவ முதல்.”

வண்டிக்குள் ஏதோ ஒரு குட்டி கத்தியது. அவள் கண்ணைச் சட்டைக்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“மேடம்... எந்தப் பக்கம் நின்னு எண்ணினீங்க?”