மணல் மூட்டைக்குப் பதிலாக மனைவி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பெட்ரோல் பங்க்கில் கிடைத்தது. டேங்க் நிரம்பிய பிறகும் ஒருவர் தன் காரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தங்கிய காற்று வெளியேறினால் இன்னும் கொஞ்சம் பிடிக்குமாம். முன்சீட்டில் அவர் மனைவியும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அந்த முகத்தை விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை.

2

முதல் தொடக்கம்: [எரிபொருள் சிக்கனம் என்பது இன்றைய வாழ்வில் இன்றியமையாத...] சீ, பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்தாயிற்று.

அடுத்தது: கார் பத்திரிகை ஒன்றில் வேலை பார்க்கும் அவருக்கு மைலேஜ்காரர் என்றே பெயர். ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே எடை. டேங்கை நிரப்பி ஓட்டிவிட்டுத் திரும்ப நிரப்பினால், வண்டி எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். இந்த முறை மூன்று வண்டிகள்: சின்ன பெட்ரோல் கார், ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, பெட்ரோலோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட். பக்கத்து சீட்டில் எடைக்கு வைக்கும் மணல் மூட்டை கிழிந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டார்.*

"வரேன். மூணு காரும் முடிஞ்சதும் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வருவியான்னு கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. டயரில் காற்று பார்க்கக் குனிந்துவிட்டார்.

* மூட்டையைத் தைத்திருக்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். மனுஷர் டேங்கை நிரப்பப் போய்விட்டார்.

3

வண்டி ஓட்டும்போது பேச்சு கூடாது. பேசினால் கால் தடுமாறும். கல்யாணமானதிலிருந்து அவர் விதி இதுதான். (இப்படியும் ஒரு ஆள் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். வீட்டில் கேட்டேன். "ஏன், நீங்க கண்ணாடியே பாக்கறதில்லையா?" என்று பதில் வந்தது. மேலே போவோம்.)

சின்ன கார் சமர்த்தாக ஓடியது. பெரிய வண்டி மொடாக்குடியன். இரண்டிலும் இன்ஜின் சத்தத்தில் மௌனம் மறைந்துபோனது. ஹைபிரிட்தான் மாட்டிவிட்டது. சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து, பச்சை விழுந்ததும் சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

"என்னங்க, வண்டி செத்துப்போச்சா?"

"இல்ல, பேட்டரில போகுது."

"அப்ப நம்ம வீடு மாதிரிதான். சத்தமில்லாமலே ஓடுது."

அவர் வெடித்துச் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் கால் ஆக்ஸிலரேட்டரை அமுக்கியது. அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. அவரும்தான். திருப்பத்தை விட்டார், சடன் பிரேக் போட்டார், விட்ட நேரத்தைப் பிடிக்கப் பறந்தார்.

4

பங்க்கில் வழக்கம்போல ஆட்டக் கை வைத்தவர், உள்ளே அவளைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஆட்டாமலேயே அத்தனை பெட்ரோல் இறங்கியது. நெரிசலில் ஜெயிக்கவேண்டிய ஹைபிரிட், சின்ன காரிடம் தோற்றிருந்தது. அச்சில் போட்டால் மானம் போகும். நாளை மறுபடியும் ஓட்டியாக வேண்டும்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். "நாளைக்கும் நான் வரணுமா? அக்காகிட்ட என்ன சொல்லட்டும்?"

முடிவு அ: [மூட்டையைத் தைத்தார். ஹைபிரிட் ஜெயித்தது. வீட்டில் யாரும்...] வேண்டாம், தாங்காது.

முடிவு ஆ: [பம்ப்புக்குப் பக்கத்திலேயே இருவரும் கட்டி...] பங்க்கில் போன் பேசவே தடை.

"எடைக்கு மணல் மூட்டையே போதும்," என்றார் அவர். அவள் முகம் மறுபடி அந்தப் பழைய முகமானது.

"ஆனா பேச்சுக்கு..." என்றார்.

அதற்கு மேல் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து மனுஷர் வாயைத் திறந்திருக்கிறார். நடுவில் நான் புகுந்து பேசினால் நன்றாக இருக்காது. அவள் இன்னும் கண்ணாடியை ஏற்றவில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.